குளியலறைத் தராசும் பத்து மூட்டைச் சோளமும்

அன்று அந்த வீட்டு முன் விறாந்தையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் பேச்சு மாறக் கூடாது. போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "அந்த இடத்தில் நான் இருக்கவே இல்லை" என்று கலஹாவிலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். அதனால் இந்த வாரம் ஆள் கணக்கோடு ஆரம்பம்.

வீட்டுக்காரர் சிவநேசன் ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாதி ஆயுளைக் கனடாவில் கழித்துவிட்டு, கண்டி மலைப்பக்கம் தெல்தோட்டைக்கு மேலே ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் மனைவி சாந்தினி அம்மா, கம்பளிப் போர்வைக்குள் கதிரையில். என் மனைவி செல்வி, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு தூண் பக்கத்தில். பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற வரும் சோமபால. இவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு கேட்டபோது ஒன்றும் பார்க்கவில்லை என்றார். ஐந்தாவது நான். நான் தரையில் குப்புறப் படுத்திருந்தேன்.

ஏன் படுத்திருந்தேன் என்றால், சோள மூட்டையை நிறுத்துக்கொண்டிருந்தோம். எதில்? கனடாவிலிருந்து கொண்டுவந்த குளியலறைத் தராசில். மனிதன் ஏறி நின்று தன் தொப்பையைப் பார்த்துக் கவலைப்படுகிற கண்ணாடித் தட்டு அது. அதன்மேல் மூட்டையை வைத்தால் எண் தெரிகிற இடமும் மூட்டைக்கு அடியில் போய்விடும். ஆகவே ஒருவர் படுத்து, போன் வெளிச்சத்தை அடித்து, சாக்கின் வயிற்றைத் தூக்கிப்பிடித்து எண்ணை வாசிக்க வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு.

பத்தாவது மூட்டையும் முடிந்தது. ஐயா போனில் கணக்கைக் கூட்டினார். திரும்பவும் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செல்வியைப் பார்த்தார்.

"இருவத்தி நாலு கிலோ குறையுது. எங்க போச்சு?"

நான் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே கொஞ்ச நேரம் இருந்தால் நல்லது போலத் தோன்றியது.

ஓர் இரும்புப் பெட்டி வந்த விதம்

சிவநேசன் ஐயா எனக்கு அறிமுகமானது ஆட்டோவால். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு நின்று, எந்த பஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் எல்லா பஸ்ஸையும் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவருக்கு எங்கே போவதானாலும் என் வண்டிதான். மாதத்தில் என் வருமானத்தில் பாதி அவர் கையால் வந்தது என்று சொன்னால் பொய்யில்லை. நான் ஏன் பல இடங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது இனி உங்களுக்கு விளங்கும்.

வந்த சில மாதங்களில் கப்பலில் அவருடைய சாமான்கள் வந்தன. அதில் ஒன்று கறுப்பு இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு. தலையில் ஒரு தொட்டி. வயிற்றுக்குள் திருகாணி மாதிரி ஒரு தண்டு. அதை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. நடுவிரலை நசுக்கிக்கொண்டவர் சோமபால.

"இது என்னாங்க ஐயா, பெட்டகமா?" என்று கேட்டேன்.

"அடுப்பு தம்பி. வீட்டைச் சூடாக்கிற அடுப்பு. மேல சோளத்தைக் கொட்டிவிட்டால் அந்தத் தண்டு சுத்திச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா நெருப்புக்குள்ள தள்ளும். புகையே வராது."

"சோளத்தையா ஐயா?"

"ஓம். சோளம்தான்."

நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் வரும். என் தலைக்குள் உடனே வந்தது: தொட்டி நிறையச் சோளம், கீழே நெருப்பு, மேலே பழைய மர முகடு. மறுநாளே ஒரு வாளி மணலை அள்ளிக்கொண்டு போய் அந்த அடுப்புக்குப் பின்னால் வைத்தேன். ஐயா கேட்டதற்கு, "பூச்சாடிக்குங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சோளத்த எரிக்கவா? பஞ்சத்துல மரவள்ளிய அவிச்சு மூணு வேளையும் தின்ன வாயி இன்னும் ஊறல் மாறல. இவருக்குக் காலு குளிருதுன்னு சோத்த அள்ளி நெருப்புல போடுவாரா? வெள்ளக்காரத் தொர போனாரு, இப்ப கனடாத் தொர வந்திருக்காரு."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளைச் சுற்றி விறகு கிடக்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கிடக்கிறது. சவுக்கு கிடக்கிறது. காசு கொடுத்துத் தின்பதை வாங்கி எரிப்பதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு படிப்பு வேண்டும்! நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், எனக்கு அந்த அளவு வரவில்லை.

ஆனால் ஒன்று. சாந்தினி அம்மாவுக்கு இழுப்பு. விறகுப் புகை பட்டால் மூச்சு விசிலடிக்கும். மார்கழி, தை மாதப் பனி அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் அவருக்கு முட்டி மடங்காது. "ஒரு குளிர்காலம் பாப்பன், சரிவராட்டி நான் பிள்ளையளிட்டப் போயிடுவன்" என்று அவர் சொல்லியிருந்தார். ஐயா அந்த இரும்புப் பெட்டியை ஒரு கடவுளைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்ததற்குக் காரணம் அதுதான். இதையும் எழுதாவிட்டால் நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்பீர்கள்.

தெல்தெனிய நானா

சோளம் வாங்கத் தெல்தெனியவுக்குப் போனோம். மகியங்கனைப் பக்கத்திலிருந்து வரும் லொறிகள் அங்கே இறக்கிவிட்டுப் போகும். கோழிப் பண்ணைக்காரர்கள்தான் வாங்குவார்கள். தெல்தோட்டைக் குளிரிலிருந்து அந்த இடத்துக்கு இறங்கினால் காதுக்குள் சூடு அடைக்கும். ஐயா கம்பளிச் சட்டையோடு வந்து, வழியிலேயே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடை நசீர் நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சாக்குகளுக்கு நடுவே ஒரு விசிறி, விசிறிக்கு முன்னால் நானா.

"வாங்க, வாங்க. என்ன மகன், கோழிக்கூடு போடப் போறீங்களா?"

"இல்ல நானா. ஐயாவுக்கு அடுப்புக்கு."

"அடுப்புல அவிக்கவா?"

"எரிக்க."

நானா விசிறியை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார். "அஸ்தக்ஃபிருல்லாஹ்! அல்லாஹ் தந்த சாப்பாட்ட நெருப்புல போடுறதா? பாவம் மகன். பெரிய பாவம். இந்தக் கடையில இப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்ல." அப்புறம் விசிறியை மறுபடி போட்டார். "எத்தின மூட்ட?"

அவ்வளவுதான் பாவம். விசிறி ஒரு சுற்று சுற்றும் நேரம்.

ஐயா ஒரு கையளவு சோளத்தை எடுத்து முகர்ந்தார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். ஈரம் பார்க்கிறாராம். "டக்" என்று சத்தம் வர வேண்டுமாம். வந்தது சோளத்தின் சத்தமா, அவருடைய கட்டுப் பல்லின் சத்தமா என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

"நம்ம சாமான்ல ஒரு கல்லு இருந்தா கொண்டுவந்து என் மூஞ்சில எறிங்க" என்றார் நானா.

கிலோ நூற்றைம்பது ரூபாய். மூட்டைக்கு ஐம்பது கிலோ. பத்து மூட்டை. சின்ன லொறி ஒன்றைப் பிடித்து ஏற்றினோம். நானாவின் தராசில் நிறுக்கும்போது ஐயா போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். தராசுத் தட்டின் ஓரத்தில் நானாவின் ஆள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றானா, இல்லையா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பார்த்தது மாதிரியும் இருக்கிறது, பயத்தில் நானே உண்டாக்கிக்கொண்டது மாதிரியும் இருக்கிறது.

முதல் நெருப்பு

அடுப்பு மூட்டிய அன்று சாந்தினி அம்மா புதுக் காலுறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஐயா தொட்டியில் சோளத்தைக் கொட்டினார். தூசி ஒரு மேகமாக எழுந்தது. பித்தானை அமுக்கினார். உள்ளே "கரக் கரக்" என்று தண்டு சுற்றியது. கண்ணாடிக்குள் ஒரு சின்ன நெருப்பு எழுந்து நின்றது. நான் மணல் வாளியைக் காலால் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

பிறகு "கரக்" நின்றது. சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

சாந்தினி அம்மா காலுறையைக் கழற்றினார்.

ஐயா தொட்டிச் சோளத்தைத் திரும்பச் சாக்கிலேயே கொட்டிவிட்டு, தண்டைக் கழற்றி இழுத்தார். சாக்கு நூல் ஒரு பந்தளவு, சோளக் கட்டை இரண்டு துண்டு, மூன்று கல், காய்ந்த பல்லி ஒன்று. பல்லியை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"சோளம் அழுக்கு" என்றார். "துப்புரவாக்காமல் போட்டால் இப்பிடித்தான். புத்தகத்திலயும் போட்டிருக்கு." புத்தகத்தை எடுத்து இங்கிலீஷில் வாசித்தார். நானும் அம்மாவும் சோமபாலவும் தலையாட்டினோம். சோமபாலவுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் அரைகுறை. இருந்தாலும் அவர்தான் அதிகம் ஆட்டினார்.

"தம்பி, உங்கட மனுசி செய்வாவோ? மூட்டைக்கு எண்ணூறு ரூபா தாறன். நல்லாக் காய வைச்சு, தூசி, கல்லு, உடைஞ்சது ஒண்டும் இல்லாமல்."

நான் செல்வியைக் கேட்காமலே தலையாட்டினேன். மகளுடைய பல் வைத்தியத்துக்குக் காசு தேவைப்பட்டிருந்த நேரம்.

முறமும் கோழியும்

செல்வி சம்மதித்தாள். ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை. "எரிக்கிறதுக்குப் பொடச்சுக் குடுக்கிறது என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே முறத்தை எடுத்தாள்.

ஐயா வீட்டு முற்றத்திலேயே தார்ப்பாய்ப் படங்கை விரித்துக் காய வைத்தாள். வெயில் வந்தால் பரப்புவாள். மூடுபனி மலையை விட்டு இறங்குவதைக் கண்டால் ஓடிப்போய் நாலு மூலையையும் சேர்த்து மடிப்பாள். காய்ந்ததைச் சல்லடையில் சலித்து, முறத்தில் புடைத்து, கல் பொறுக்கினாள். சோளத்தின் மேலிருக்கும் மெல்லிய சிவப்புத் தோல் பறந்து அவள் முடியிலும் புருவத்திலும் ஒட்டிக்கொள்ளும். கழுத்தெல்லாம் அரிப்பு. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சாப்பாடு, தலையணை, தேத்தண்ணி எல்லாவற்றிலும் ஒரு மாவு வாசம்.

பொறுக்கிய கற்களை ஜாம் டின் ஒன்றில் போட்டு வைத்தாள். "நானா மூஞ்சிக்கு" என்றாள். அந்த டின் இன்னும் எங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். யார் வீட்டுத் தானியத்தை யார் புடைத்துக் கொடுத்தாலும், முறத்துக்குக் கீழே விழுகிற குருணையும் தவிடும் புடைத்தவள் வீட்டுக் கோழிக்கு. யாரும் கேட்டு எடுப்பதில்லை, யாரும் கொடுத்ததாகச் சொல்வதுமில்லை. நல்ல தானியத்தை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு போவார்கள். அதைக் கேள்வி கேட்டால், கேட்டவளை அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

செல்வியும் அப்படித்தான் செய்தாள். ஒவ்வொரு நாளும் மாலையில் உடைசலையும் தவிட்டையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு, ஐயா வீட்டு வாசல் வழியாகத்தான், அவர் கண்ணுக்கு முன்னால்தான் போனாள். ஐயாவும் "போட்டு வாங்கோ பிள்ளை" என்று சொல்வார். அவர் அதைக் குப்பை கொட்டக் கொண்டுபோகிறாள் என்று நினைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் எப்படியோ, கனடாவில் எப்படியோ. ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மழை மேலிருந்து விழும் என்று யாருக்காவது சொல்லிவைப்போமா?

தண்ணி வெட்டு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செல்வி ஏன் அன்று அப்படி நடந்துகொண்டாள் என்பது உங்களுக்கு விளங்காது.

செல்வி முன்பு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோவை வெட்டுவார்கள். மழை நாளில் இலையில் ஈரம் இருக்கும், அதற்கு வெட்டினால் சரி. ஒரு நாள் வானம் பளிச்சென்று இருந்தது. மண் காலில் சுட்டது. அன்றைக்கும் தண்ணிக்கு என்று வெட்டினார்கள்.

"எந்தத் தண்ணி?" என்று செல்வி கேட்டாள்.

எடை போட்டவர் தலை நிமிராமல், "ஒன் வேர்வை" என்றார். வரிசையே சிரித்தது. அந்த வரிசையில் அவளுடைய சொந்த அண்ணியும் நின்று சிரித்தாள்.

அந்த மாதத்தோடு செல்வி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தினாள். நான் எவ்வளவோ சொன்னேன். ரெண்டு கிலோவுக்காக ஒரு வேலையை விடுவதா என்று கேட்டேன். "ரெண்டு கிலோ இல்ல, சிரிச்சாங்கல்ல" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுபடி விறாந்தை

ஆக, "எங்க போச்சு?" என்று ஐயா கேட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது, இது நல்லபடி முடியாது என்று. தரையிலிருந்தபடியே பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"ஐயா, இந்தத் தராசு கொஞ்சம் ஒரு மாதிரிங்க. காலையில நான் ஏறிப் பார்த்தேன். அந்தத் தரைக்கல்லுல வெச்சா ஒரு எடை, இந்தத் தரைக்கல்லுல வெச்சா மூணு கிலோ குறையுது."

அது உண்மை. மூன்று கிலோ குறைந்ததைக் கண்டு எனக்கு ஏதோ நோய் என்று அன்று காலை முழுக்க வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தவன் நான்.

"தம்பி, அது கனடாவில வாங்கினது" என்றார் ஐயா. அதற்கு மேல் பேச இடமில்லை. கனடாவில் வாங்கிய தராசு பிழை சொல்லாது. தெல்தோட்டையில் பிறந்த ஆள்தான் பிழை.

"நான் ஒருத்தரையும் கள்ளர் எண்டு சொல்லேல்ல. கணக்கைத்தான் கேக்கிறன். ஐந்நூறு கிலோ வாங்கினது. நானூற்றி எழுபத்தாறுதான் இருக்கு. குறைஞ்சதுக்கு கிலோ நூற்றைம்பது படி மூவாயிரத்தி அறுநூறு. அதைக் கழிச்சு மிச்சத்தைத் தாறன்."

எட்டாயிரம் வர வேண்டிய உறையில் நாலாயிரத்து நானூறை எண்ணி வைத்து நீட்டினார்.

செல்வி உறையை வாங்கவில்லை. "குறைஞ்சது கோழி வயித்துக்குள்ள போச்சுங்க. குருணையும் தவிடும். எல்லாரும் எடுக்கிறதுதான்."

"கேக்காமல் எடுக்கலாமோ?"

"கேட்டு எடுக்க அது என்னா தங்கமா?" அவள் குரல் ஏறியது. "நூலும் கல்லும் பல்லியும் சேத்துத்தானே ஐந்நூறு கிலோன்னு வாங்குனீங்க? நானாகிட்ட வெட்ட வேண்டியத என்கிட்ட ஏன் வெட்டுறீங்க?"

"செல்வி, சும்மா இரு" என்றேன். சொன்ன நேரத்தில் நான் தரையில் படுத்துக்கிடந்தேன். படுத்திருக்கும் புருஷன் பேச்சை யார் கேட்பார்கள்?

அவள் விறாந்தையை விட்டு இறங்கினாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படியே போய்விட்டால் நல்லது, நாலாயிரத்து நானூறை நான் வாங்கிக்கொள்ளலாம், ஆட்டோ ஓட்டமும் கெடாது என்றுதான் கணக்குப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒற்றையடிப் பாதையில் அவள் தலை தெரிந்தது. தலையில் சாக்கு. கக்கத்தில் எங்கள் சிவப்புப் பெட்டைக்கோழி.

சாக்கைத் தராசின்மேல் 'தொம்' என்று போட்டாள். "என்னாங்க, படுத்துப் பாருங்க."

எழுந்து உட்கார்ந்திருந்த நான் மறுபடி படுத்தேன். "பதினேழு" என்றேன்.

"பதினேழு எழுதிக்குங்க ஐயா. இப்ப இது." கோழியைத் தூக்கிக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். "மிச்சம் இதுக்குள்ள இருக்கு. நிறுங்க. அதுக்கும் மேல குறைஞ்சா, பத்து நாளு வெயில்ல காஞ்சதுல்ல, சூரியன்கிட்ட கேட்டுக்குங்க."

கோழி தட்டில் நின்றது. கழுத்தைத் திருப்பி ஐயாவை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. தராசு யோசித்தது. கனடாத் தராசுக்குக் கோழியைத் தெரியவில்லை. எண் வரும் இடத்தில் மூன்று கோடுதான் வந்தது. பிறகு கோழி, தான் வந்த வேலையை முடித்தது மாதிரி, அந்தக் கண்ணாடியின் நடுவில் எச்சமிட்டுவிட்டு இறங்கி நடந்தது.

முதலில் சிரித்தது சாந்தினி அம்மா. போர்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "இஞ்சருங்கோ, உங்கட தராசில..." என்று கையை நீட்டினார். முடிக்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து, சட்டென்று மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது.

எல்லாம் மாறிவிட்டது. ஐயா "பம்ப் எங்க, பம்ப் எங்க" என்று மூச்சுக்கு அடிக்கும் மருந்தைத் தேடி உள்ளே ஓடினார். சோமபால என்னவென்று விளங்காமல் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் கோழியால் ஒரு மனிதருக்கு உயிர் போகப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

செல்விதான் அவரை அணைத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய் அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவள் புடைத்த சோளம்தான், அன்று முதலில் நிறுத்து முடித்த மூட்டையிலிருந்து எடுத்துக் கொட்டியது, அதில் எரிந்துகொண்டிருந்தது. நிற்காமல், புகையாமல், கண்ணாடிக்குள் மஞ்சளாக. அறை கதகதவென்று இருந்தது. பொரித்த சோளத்தின் இனிப்பான வாசம். எனக்கே அந்தச் சூட்டில் கையை நீட்டத் தோன்றியது, நீட்டினேன். இவ்வளவு நேரம் திட்டியவன் இதையும் எழுதத்தான் வேண்டும்: அந்தப் பாழாய்ப்போன பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது.

செல்வி அவர் முதுகைத் தேய்த்துவிட்டாள். பம்ப் வந்தது. மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. சாந்தினி அம்மா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொல்லுறன் பிள்ளை இவருக்கு. நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ."

ஐயா கதவருகில் நின்றார். கையில் அந்த உறை. "பிறகு பாப்பம்" என்றார். "பிறகு கணக்குப் பாப்பம்."

செல்வி உறையை வாங்கிக்கொண்டாள். எண்ணவில்லை. கோழியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாக்கை மட்டும் அங்கேயே விட்டுவிட்டாள். அடுத்த மாதமெல்லாம் அது விறாந்தையில் கிடந்து எலி தின்றது. எலி தின்ற கிலோவை யார் நிறுத்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

பிறகு

"பிறகு" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனை நான் ஒருநாள் பார்க்க வேண்டும். தை முடிந்தது, மாசி முடிந்தது. அந்தக் குளிர்காலத்தை சாந்தினி அம்மா தாங்கிவிட்டார். ஐயாவை நான் வழக்கம் போல ஏற்றிக்கொண்டு போனேன், வந்தேன். கண்டிக்குப் போகிற வழியெல்லாம் அவர் அந்த அடுப்பின் பெருமையைப் பேசுவார். செல்வியின் கணக்கு மட்டும் வாயில் வராது. நானும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். வளைவு வரும், லொறி வரும், பயம் வரும், ஊர் வந்துவிடும்.

சித்திரையில் இரண்டு பேரும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்குப் போனார்கள். மார்கழிக்குத் திரும்பி வருவார்களாம். மிச்சச் சோளம் டிரம்மில் மூடிக் கிடக்கிறது. வண்டு விழுந்திருக்குமோ என்று வாரத்துக்கு ஒருமுறை போய்த் திறந்து பார்க்கிறேன். யாரும் அதற்குக் கூலி தரவில்லை, சும்மா என் பயத்துக்கு.

போன மாதம் ஐயாவிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. செல்வி பக்கத்தில் இருக்கும்போதே திறந்துவிட்டேன்.

"தம்பி, அந்தச் சோளக் காசு எவ்வளவெண்டு மறந்துபோச்சு. அம்மா ஒரே கரைச்சல் தாறா. நான் ஐயாயிரமாப் போட்டுவிடுறன். மிச்சத்துக்குப் பிள்ளைக்கு ஏதும் வாங்கிக் குடுங்கோ. வங்கி நம்பரை அனுப்புங்கோ."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஆயிரத்து நானூறு கூடுதலாக! வங்கிப் புத்தகத்தை எடுக்க எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள் செல்வி.

"ஏன்?"

"அஞ்சாயிரம் குடுத்தா அது தருமம். அவரு மறந்துட்டாராம், மிச்சத்த வெச்சுக்கவாம். நான் கேட்டனா? வெட்டுனது எவ்வளவோ அவ்வளவு குடுக்கட்டும். அதுவும் வங்கியில வேணாம். வெட்டுன கையாலயே, அந்த விறாந்தையில வெச்சுக் குடுக்கட்டும். சோமபாலயும் நிக்கட்டும்."

"அவரு வராமலே போயிட்டா?"

"வராமப் போனா வரல. எனக்கு வர வேண்டியது அங்கதான் இருக்கும்."

வங்கி நம்பரை நான் இன்னும் அனுப்பவில்லை. ஐயா இரண்டு தடவை கேள்விக்குறி போட்டு அனுப்பிவிட்டார். என்ன எழுதுவது என்று தெரியாமல், போனைக் கவிழ்த்து வைக்கிறேன். மார்கழியில் அவர் வந்து இறங்கும்போது குட்ஷெட்டுக்கு என் வண்டியைத்தான் கூப்பிடுவாரா, வேறு வண்டியா?

செல்வி சல்லடையைக் கழுவிச் சுவரில் மாட்டிவிட்டாள். அவளுக்கு வர வேண்டிய பாக்கி, இதை எழுதுகிற இன்று வரை, மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.